அகப்பக்கத்தின் சாவி யார் கையில்?

கம்போங் மேடானில் வீட்டிலேயே முறுக்கும் அதிரசமும் செய்து விற்கும் ஓர் அம்மாவை எடுத்துக்கொள்வோம். தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே ஆர்டர்கள் வரத் தொடங்கிவிடும். வாடிக்கையாளர்கள் கிள்ளானிலும் இருக்கிறார்கள், பிரிக்பீல்ட்ஸிலும் இருக்கிறார்கள். "உங்களுக்கு அகப்பக்கம் இல்லையா?" என்று கேட்கிறார்கள். தெரிந்த பையன் ஒருவன் பணம் வாங்கிக்கொண்டு அழகாக ஒன்றைச் செய்து கொடுக்கிறான். அடுத்த ஆண்டு மாவு விலையும் எண்ணெய் விலையும் ஏறிவிடுகின்றன. அகப்பக்கத்திலோ பழைய விலை! மாற்றலாம் என்று அழைத்தால், பையனின் எண் பயன்பாட்டில் இல்லை. இது கற்பனைதான். ஆனால் "நமக்கும் இப்படித்தானே நடந்தது" என்று சொல்கிறவர்கள் உங்களில் நிச்சயம் இருப்பார்கள்.

இந்தத் தொல்லைக்கு மருந்தாக இருப்பதுதான் உள்ளடக்க மேலாண்மை அமைப்பு. சுருக்கமாக சி.எம்.எஸ். என்பார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம்.

பழைய முறையில் ஒவ்வொரு பக்கமும் ஒரு தனிக் கோப்பு. முறுக்கின் விலை, எழுத்தின் நிறம், படம் எல்லாம் கணினிக் குறிகளோடு ஒன்றாகக் கலந்து கிடக்கும். ஒரு வெள்ளியைக் கூட்ட வேண்டுமென்றாலும் குறி தெரிந்தவர் வர வேண்டும். சி.எம்.எஸ். இந்த இரண்டையும் பிரித்துவிடுகிறது. விலையும் விவரமும் தரவுத்தளம் என்னும் பெட்டிக்குள் இருக்கும். நிறமும் அமைப்பும் 'தீம்' என்னும் சட்டையில் இருக்கும். வாடிக்கையாளர் பக்கத்தைத் திறக்கும் நொடியில் மென்பொருள் இரண்டையும் சேர்த்துக் காட்டும். கடைக்காரர் தமது கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே போய், கட்டத்தில் புது விலையைத் தட்டி, பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்தது. முகநூலில் எழுதத் தெரிந்தவருக்கு இது பெரிய வித்தையல்ல.

இத்தகைய மென்பொருள்களில் ட்ரூபல் 2001இல் வந்தது. வேர்ட்பிரஸ் 2003இல் மேட் மல்லன்வெக், மைக் லிட்டில் இருவரால் தொடங்கப்பட்டது. ஜூம்லா 2005இல் மேம்போ என்ற மென்பொருளிலிருந்து பிரிந்தது. மூன்றுமே இலவசம். சிறு வியாபாரத்திற்கு வேர்ட்பிரஸே போதும் என்பது என் கருத்து. உலகின் இணையத்தளங்களில் பத்துக்கு நான்குக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. ஆகவே ஒருவர் கைவிட்டாலும், வேலை தெரிந்த இன்னொருவர் எளிதில் கிடைப்பார். கூடைபோட்டு வாங்கும் வசதி வேண்டுமென்றால் வூகாமர்ஸ் என்ற செருகுநிரலைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இலவசம் என்றதும் செலவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு கட்டணங்கள் உண்டு. ஒன்று, தளம் குடியிருக்கும் சர்வர் இடத்திற்கு. மற்றொன்று, முகவரிப் பெயருக்கு. நம் நாட்டின் '.மை' பெயர்களின் பதிவேட்டை மைனிக் நிறுவனம் நிர்வகிக்கிறது. அந்தப் பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? எந்த மின்னஞ்சலுக்குப் புதுப்பிப்புக் கடிதம் வருகிறது? நம் மக்கள் ஏமாறும் இடம் இதுதான். கடைக்கு வாடகை கொடுத்துவிட்டு, ஒப்பந்தத்தைப் பெயர்ப்பலகை எழுதியவர் பெயரில் போடுவோமா? அகப்பக்கத்தில் மட்டும் அப்படிச் செய்கிறோம். பெயர்ப் பதிவு, சர்வர் கணக்கு, நிர்வாகிக் கடவுச்சொல் ஆகிய மூன்றும் முதல் நாளிலிருந்தே உங்கள் பெயரில் இருக்க வேண்டும். கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் நீங்களே உள்ளே நுழைந்து பாருங்கள்.

முகநூல் பக்கமும் வாட்ஸ்அப்பும் போதாதா என்று கேட்கலாம். ஆள் சேர்க்க அவை நல்லவை. ஆனால் கணக்கை முடக்கினால் எல்லாம் போச்சு. விக்ஸ் போன்ற மாத வாடகைத் தளங்களில் வேலை சுலபம்தான். அங்கே கட்டியதை அப்படியே தூக்கிக்கொண்டு வேறு இடத்திற்குப் போக முடியாது. வேர்ட்பிரஸ் தளத்தை முழுதாக நகலெடுத்து வேறு சர்வரில் வைக்கலாம்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2001இல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்த காலத்தில், பல தமிழ்ப் பக்கங்களைப் படிக்க முதலில் எழுத்துருவை இறக்க வேண்டியிருந்தது. இன்று யூனிகோட் வந்து அந்தப் பாடு தீர்ந்தது. இருந்தும் விலைப்பட்டியலைப் படமாகப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கைப்பேசியில் பொடி எழுத்தாகத் தெரியும் அதை, தேடுபொறியும் சரியாகப் படிக்காது. எழுத்தாகவே தட்டுங்கள்.

சட்டமும் உண்டு. இணையத்தில் விற்பவர் தம் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம், பொருளின் முழு விலை, பணம் செலுத்தும் முறை, பொருள் வந்து சேரும் உத்தேச நாள் ஆகியவற்றைக் காட்ட வேண்டும் என்ற விதிமுறை 2013 ஜூலை முதல் தேதி நடப்புக்கு வந்தது. சி.எம்.எஸ்.ஸில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும்.

கடைசியாகப் பராமரிப்பு. பாதுகாப்புத் துளைகள் பெரும்பாலும் செருகுநிரல்களில்தான் கண்டுபிடிக்கப்படுகின்றன. தேவையில்லாததை நீக்குங்கள், மற்றதைப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். புதுப்பிக்கும் முன் ஒரு நகலெடுத்து வீட்டுக் கணினியில் வையுங்கள். தீபாவளி ஆர்டர் குவியும் வாரத்தில் மட்டும் பெரிய மாற்றம் எதையும் செய்யாதீர்கள். அதையெல்லாம் இரண்டு மாதம் முன்பே முடித்துவிடுங்கள்.