வழங்கியைப் பண்படுத்துதல்

தம் கோப்புகளையும் நாட்காட்டியையும் ஒளிப்படங்களையும் பிறர் கணினியில் ஒப்படைக்க விரும்பாதோர், நெக்ஸ்ட்கிளவுட் போன்ற கட்டற்ற மென்பொருளைத் தமக்கென ஒரு லினக்ஸ் வழங்கியில் நிறுவிக்கொள்கின்றனர். நிறுவுதல் எளிது, வழிகாட்டியைப் பின்பற்றினால் ஒரு மாலைப் பொழுதில் முடியும். அம்மென்பொருள் வந்து அமரும் இடத்தைப் பண்படுத்துவதே அரிது. அப்பணியின் பெரும்பகுதி மறுப்பதிலும் அடைப்பதிலும் கழிகிறது.

புதிய வழங்கிக்கு முகவரி கிடைத்த கணமே அது இணையத்தின் பார்வைக்கு வந்துவிடுகிறது. நான்காம் பதிப்பு இணைய நெறிமுறையில் அமையக்கூடிய முகவரிகள் ஏறத்தாழ 429 கோடி. எந்திரத்துக்கு இது சிற்றெண். மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட சீமேப் என்னும் கருவி, நொடிக்கு ஒரு கிகாபிட் இணைப்புடைய ஒற்றைக் கணினியைக் கொண்டே, பொது முகவரிகள் அனைத்திலும் குறித்த ஒரு வாயில் திறந்துள்ளதா என 45 நிமிடங்களுக்குள் தட்டிப் பார்க்க வல்லது. “என் சிறு வழங்கியை யார் அறியப் போகிறார்கள்?” என்று கேட்போருக்கு இதுவே விடை. யாரும் அறிய வேண்டியதில்லை; வரிசையில் அவர் எண்ணும் வந்துவிடும்.

முதல் வேலை இயங்குதளத் தேர்வு. 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் திட்டம் நிலைத்த பதிப்பு ஒன்றைப் பேணி வருகிறது. அதில் மென்பொருள்களின் பதிப்புகள் பெரும்பாலும் உறைந்து நிற்கும். திருத்தங்கள், குறிப்பாகப் பாதுகாப்புத் திருத்தங்கள், வந்து சேரும். பழையது என்று இதனை எள்ளுவோர் 2024 மார்ச் இறுதியில் நிகழ்ந்ததை எண்ணிப் பார்க்க வேண்டும். எக்ஸ்-இசட் என்னும் கோப்புச் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், நெடுநாள் உழைத்து நம்பிக்கை ஈட்டிய ஒரு பங்களிப்பாளர் கள்ளவழி ஒன்றைப் புதைத்திருந்தார். அதன் இலக்கு எஸ்எஸ்எச் தொலைநுழைவு. சுருக்கக் கருவிக்கும் தொலைநுழைவுக்கும் நேர்த் தொடர்பு இல்லை. டெபியன் உள்ளிட்ட சில வழங்கல்கள் தம் வசதிக்காக எஸ்எஸ்எச் சேவையோடு பிணைத்த வேறொரு நூலகம், சுருக்க நூலகத்தையும் உடன் இழுத்து வந்தது. உள்நுழைவு ஏறத்தாழ அரை நொடி தாமதிப்பதைக் கண்டு ஐயுற்ற ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்னும் மென்பொறியாளர் துருவியதால் அது வெளிப்பட்டது. டெபியனின் சோதனைக் கிளைவரை வந்துவிட்ட அந்நஞ்சு நிலைத்த பதிப்பை எட்டவில்லை. புதியவை வந்துசேர அங்கே ஆகும் தாமதத்தை விரும்பியே நாம் நிலைத்த பதிப்பைத் தேர்கிறோம். தேர்ந்தபின், பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாகவே நிறுவப்படுமாறு அமைத்துவிட வேண்டும்.

அடுத்தது நுழைவுமுறை. எஸ்எஸ்எச் பிறந்ததே ஒரு திருட்டின் விளைவாகத்தான். ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டபின், அங்கிருந்த டாட்டு யுலோனென் 1995இல் அதனை வடித்தார். அதற்குள்ளும் கடவுச்சொல்லையே பயன்படுத்துவோர் இன்றும் பலர். கடவுச்சொல்லை ஊகிக்கலாம், திறவி இணையில் அது நடைமுறைக்கு ஒவ்வாது. பொதுத்திறவி வழங்கியில் கிடக்கும். தனித்திறவி உரியவரின் கணினியை விட்டு அகலாது. நுழையும்போது, அந்தத் தொடர்புக்கே உரிய தரவின்மீது தனித்திறவியால் கையொப்பம் இடப்படும். வழங்கி அதைப் பொதுத்திறவியால் சரிபார்க்கும். அடுத்த தொடர்பின் தரவு வேறாகையால், பழைய கையொப்பத்தைக் கைப்பற்றியும் பயனில்லை. திறவியால் நுழைய முடிகிறது என்று இரண்டாவது முனையச் சாளரத்தில் உறுதிசெய்த பின்னரே, கடவுச்சொல் நுழைவையும் தலைமைப் பயனரின் நேர்நுழைவையும் அடைக்க வேண்டும். வரிசை மாறினால் வெளியே நிற்பவர் உரிமையாளராகவே இருப்பார். எஸ்எஸ்எச்சின் 22ஆம் வாயிலை வேறு எண்ணுக்கு மாற்றுவது பதிவேட்டின் இரைச்சலைக் குறைக்கும். அதைப் பாதுகாப்பு என்று அழைக்க எனக்கு மனமில்லை.

ஒவ்வொரு நிரலும் தன் பணிக்குப் போதுமான மிகக் குறைந்த அதிகாரத்துடனேயே இயங்க வேண்டும் என்ற நெறியை, ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975இல் எழுதிய கட்டுரையில் வகுத்துரைத்தனர். லினக்ஸில் அதற்கு முதற்கருவி பயனர் கணக்கு. வலைச்சேவைக்கு ஒரு கணக்கு, தரவுத்தளத்துக்கு வேறொன்று. தரவுத்தளத்துக்குள் நெக்ஸ்ட்கிளவுட்டுக்குத் தரும் கணக்கோ தன் அட்டவணைகளை மட்டுமே தொடத் தக்கது. பயனர் கோப்புகளின் கோப்புறை, வலைச்சேவை உலகுக்குக் காட்டும் கோப்புறைக்கு வெளியே இருக்கட்டும். அமைவில் பிழை நேர்ந்தாலும், முகவரியைத் தட்டச்சுச் செய்து எவரும் கோப்பை எடுத்துவிட முடியாது.

வாயில்களில்தான் பலர் சறுக்குகின்றனர். ஒரு முகவரியில் 65,536 வாயில் எண்கள் உண்டு. வலைத்தளத்துக்கு 80உம் 443உம், பராமரிப்புக்கு 22உம் போதும். தீயரணை எழுப்பிவிட்டோம் என்று அமைதி கொள்வதற்குமுன், ஒவ்வொரு சேவையும் எந்த முகவரியில் செவிசாய்க்கிறது என்று காண வேண்டும். 2017 சனவரியில், கடவுச்சொல்லின்றி இணையத்தை நோக்கித் திறந்திருந்த பல்லாயிரம் மாங்கோடிபி தரவுத்தளங்கள் அழிக்கப்பட்டு, மீட்புப்பணம் கேட்கும் ஓலைகள் அவற்றில் வைக்கப்பட்டன. அவை 127.0.0.1 என்னும் உள்முகவரியில் மட்டும் செவிசாய்த்திருந்தால், வெளியிலிருந்து எவரும் அவற்றை நேரே எட்டியிருக்க முடியாது. டாக்கர் கொள்கலன்களில் இந்த இடர் நுட்பமானது. வாயிலை வெளியிடுமாறு பணித்தால், டாக்கர் தன் விதிகளைத் தானே எழுதிக்கொள்ளும். யூஎஃப்டபிள்யூ தீயரணில் நீங்கள் இட்ட தடை அவ்வழிக்குப் பொருந்தாமற் போகும். ஆகவே கொள்கலனின் வாயிலையும் உள்முகவரியோடு கட்டுங்கள். வெளியுலகோடு பேசும் பொறுப்பு முன்நிற்கும் வலைச்சேவைக்கு மட்டும் இருக்கட்டும். இறுதியாக, வேறொரு வலையமைப்பிலிருந்து என்மேப் என்னும் வாயில் சோதனைக் கருவி கொண்டு தட்டிப் பாருங்கள். வழங்கிக்குள் அமர்ந்து பார்ப்பது சான்றாகாது.

மறையாக்கச் சான்றிதழ் இன்று சிக்கலன்று. லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் அமைப்பு 2015 முதல் அதனை இலவசமாக வழங்குகிறது. சான்றிதழின் வழக்கமான ஆயுள் 90 நாள்களே என்பதால், புதுப்பித்தலைக் கணினியிடமே விட்டுவிட வேண்டும்.

எஞ்சுவது காப்புப்படி. நெக்ஸ்ட்கிளவுட்டைப் பராமரிப்பு நிலையில் நிறுத்தி, அமைவுக் கோப்புறை, தரவுக் கோப்புறை, தரவுத்தளம் மூன்றையும் ஒருசேரப் படியெடுக்க வேண்டும். வெவ்வேறு வேளைகளில் எடுத்தால், தரவுத்தளம் பட்டியலிடும் கோப்பு படியில் இல்லாமற் போகலாம். படியை வழங்கியே அனுப்புமாறு அமைப்பதைவிட, காப்புக் கணினி வந்து இழுத்துச் செல்லுமாறு அமைப்பது மேல். வழங்கியைக் கைப்பற்றியவனிடம் அப்போது காப்புக் கணினிக்கான திறவி இராது. பழைய படிகளை அவனால் அழிக்கவும் இயலாது.