வாரத்துக்கு ஒரு குழந்தை

2011 கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் 18,70,374 பேர். அவர்களில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 1,82,350. நியூரோஃபைப்ரோமடோசிஸ் முதல் வகை என்னும் நரம்புக்கட்டி நோய் உலகெங்கும் சுமார் 3,000 பேரில் ஒருவருக்கு வருகிறது. வகுத்தால் இங்கே 60 குழந்தைகள். தோவாளை முதல் விளவங்கோடு வரை சிதறிக் கிடப்பதால் எந்த ஊர் டாக்டரும் ஒன்றிரண்டு பேருக்கு மேல் பார்த்திருக்க மாட்டார்.

முதல் தடயம் தோலில்தான். பால்காப்பி நிறத்தில், 5 மில்லிமீட்டருக்கு மேல் அகலமாக, ஆறு மச்சமாவது இருக்கும். சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று பெண்வீட்டைப் பழிப்பது வீண்பேச்சு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே பிள்ளைக்கு வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. பாதிப் பேருக்கோ குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல், 17ஆம் குரோமோசோமில் புதிதாக நேர்ந்த மாற்றத்தால் வருகிறது.

கண்ணிலும் அடையாளம் உண்டு. கருவிழிப் படலத்தில் தெரியும் லிஷ் முடிச்சுகள் என்னும் சிறு புடைப்புகள் பார்வையைக் கெடுப்பதில்லை. ஐந்தாறு வயதில் ஏறக்குறைய பாதிப் பேருக்கும், பெரியவர்களில் 90 சதவீதத்துக்கு மேலானோருக்கும் இருக்கும். மேல் இமையில் கட்டி படர்ந்தால் கண் அழுத்த நோயையும் தேட வேண்டும்.

பயப்பட வேண்டியது பார்வை நரம்புக் கட்டிக்கு. 100க்கு 15 முதல் 20 குழந்தைகளுக்கு வருகிறது. பெரும்பாலும் ஏழு வயதுக்குள். நம் 60இல் 9 முதல் 12. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் தொந்தரவு தரும். அதாவது மூன்று நான்கு பேர். ஒரு கண் மங்கினால் சின்னப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. மறு கண்ணால் ஓடியாடிக்கொண்டிருக்கும்.

அதனால்தான் எட்டு வயது வரை வருடத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனை: ஒவ்வொரு கண்ணாகப் பார்வை அளவு, கண் பாப்பாவின் அசைவு, சொட்டு மருந்து விட்டு நரம்பு முகப்பு. அறிகுறி இல்லாத எல்லாருக்கும் எம்.ஆர்.ஐ. தேவையில்லை. ஆறு வயதுக்குட்பட்ட அந்த 60 பேருக்கு ஆண்டுக்கு 60 சோதனை. வாரத்துக்கு ஒன்று சொச்சம். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியின் கண் பிரிவுக்கு இது ஒரு சுமையா?

கட்டி வளர்ந்து பார்வை குறைந்தால் கார்போபிளாட்டின், வின்கிரிஸ்டின் மருந்துகள். வழக்கமான முறையில் முதல் கட்டத்தில் மட்டும் வாரம் ஒன்றாக வின்கிரிஸ்டின் 10 ஊசி. மொத்த வைத்தியம் ஓராண்டைத் தாண்டும். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குப் போவதானால் போகவர சுமார் 140 கிலோமீட்டர். 10 வாரத்துக்கு 1,400. கூடப் போகிறவர் இழக்கும் கூலி தனி.