கடை ஊழியருக்குச் சம்பளத்துடன் விடுமுறை: கணக்குப் பார்த்தால்…

ஹந்தானைப் பக்கமிருந்து கண்டி நகருக்கு இறங்கி வந்து கடைகளில் வேலை செய்யும் இளைஞர்கள் பலர். தொழிலை நன்றாகப் பழகியதும் வளைகுடாவுக்குப் போய்விடுகிறார்கள் என்பது நமது வர்த்தகர்களின் பொதுவான கவலை. சம்பளம் ஒரு காரணம்தான். விடுமுறையும் ஒரு காரணமாக இருக்கலாம் அல்லவா? நாடுகளின் சட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

ஐக்கிய அரபு இராச்சியத்தில் ஒரு வருடம் பூர்த்தி செய்த ஊழியருக்கு வருடத்துக்கு 30 நாள் சம்பளத்துடன் விடுமுறை உண்டு. சவூதி அரேபியாவில் 21 நாள். ஐந்து வருட சேவைக்குப் பின் 30 நாள். இரண்டு வருடம் தொடர்ந்து வேலை செய்தவர் ஹஜ் கடமையை நிறைவேற்ற, சேவைக் காலத்தில் ஒரு முறை, 10 முதல் 15 நாள் வரை சம்பளத்துடன் லீவு பெறலாம். மலேசியாவில் சேவைக் காலத்தைப் பொறுத்து 8, 12, 16 நாள் என்று உயரும். பிரித்தானியாவில் 5.6 வாரம். பிரான்சில் 1936இல் இரண்டு வாரமாகத் தொடங்கி, 1982இல் ஐந்து வாரமானது. செல்வந்த நாடான அமெரிக்காவிலோ சம்பளத்துடன் வருடாந்த விடுமுறை கொடுக்க வேண்டும் என்ற தேசியச் சட்டமே இல்லை.

நமது நாடு எங்கே நிற்கிறது? கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் உரிய 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் பின்வருமாறு கூறுகிறது:

1. வாரத்தில் 28 மணித்தியாலத்துக்குக் குறையாமல் வேலை செய்தவருக்கு ஒன்றரை நாள் சம்பளத்துடன் ஓய்வு.

2. வருடாந்த விடுமுறை 14 நாள். இதில் ஏழு நாளாவது தொடர்ச்சியாகக் கொடுக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த வருடத்தில் இது இல்லை. அடுத்த வருடத்தில், ஜனவரி முதல் மார்ச்சுக்குள் சேர்ந்தவருக்கு 14 நாள், ஏப்ரல் முதல் ஜூனுக்குள் என்றால் 10, ஜூலை முதல் செப்டெம்பருக்குள் 7, அதன் பின் சேர்ந்தவருக்கு 4 நாள்.

3. நாம் 'கெசுவல் லீவு' என்று சொல்வது 7 நாள். சுகவீனம், சொந்த அலுவல் இரண்டும் இதற்குள் அடங்கும். முதல் வருடத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு நாள்.

4. பெண் ஊழியருக்கு 84 வேலை நாள் பிரசவ விடுமுறை. 2018இல் செய்த திருத்தத்தின்படி இது எத்தனையாவது பிள்ளைக்கும் பொருந்தும்.

இனி கணக்கைப் பாருங்கள். பதினான்கும் ஏழும் சேர்ந்தால் 21 வேலை நாள். வாரத்துக்கு ஐந்தரை நாள் வேலை என்று வைத்தால், ஏறக்குறைய நான்கு வாரம். அமீரகத்தின் 30 நாளில் வார ஓய்வு நாட்களும் அடங்கும். அதாவது நான்கு வாரத்துக்குச் சற்றுக் கூட. ஆக, நமது சட்டம் அவ்வளவு பின்தங்கியதல்ல. சட்டத்தில் உள்ளது கடைக்குள் வந்து சேர்ந்ததா என்பதே கேள்வி.

பெருநாள் விடயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. வர்த்தக விடுமுறைப் பட்டியலில் மீலாத் தினம் இருக்கிறது. நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் அரசாங்க, வங்கி விடுமுறைகளே தவிர வர்த்தக விடுமுறைகள் அல்ல. தீபாவளியும் அப்படித்தான். நமது பெருநாளுக்குக் கடையைப் பூட்டிவிட்டு, அந்த நாட்களைத் தோட்டத்துப் பையனின் 14 நாளில் கழித்தால், தீபாவளிக்கு அவன் கையில் என்ன மிஞ்சும்? பெருநாளுக்குக் கடை பூட்டும் நாட்களைத் தனியாகக் கொடுப்பதும், தீபாவளிக்கும் அவ்வாறே செய்வதும் நியாயமானது. எப்படிச் செய்வதானாலும், வருடத் தொடக்கத்திலேயே ஊழியருடன் பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வர்த்தக விடுமுறை நாளில் வேலை வாங்கினால், டிசம்பர் 31க்கு முன் சம்பளத்துடன் வேறொரு நாள் லீவு, அல்லது இரட்டைச் சம்பளம் கொடுக்க வேண்டும். போயா தினத்தில் வேலை செய்தவருக்கு ஒன்றரை மடங்கு. பெரஹர காலத்தில் நகரத்தில் வியாபாரம் சூடாக இருக்கும்போது இதை மறக்கக் கூடாது.

செலவு எவ்வளவு? உதாரணமாக, மாதச் சம்பளம் 45,000 ரூபா என்றால், முப்பதால் பிரித்து ஒரு நாளுக்கு 1,500. இருபத்தொரு நாளுக்கு 31,500. மாதத்துக்குப் பிரித்தால் 2,625 ரூபா. விலை தெரிந்த, வாடிக்கையாளரின் முகம் தெரிந்த ஒரு ஊழியர் போய்விட்டால், புதியவரைப் பழக்கி எடுப்பதற்குள் ஏற்படும் நட்டத்தையும் இதன் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

ஒரு சாதாரண கொப்பி போதும். ஒவ்வொரு ஊழியருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, சேர்ந்த திகதி, எடுத்த லீவு, மிச்சம் மூன்றையும் குறித்து அவரின் கையொப்பத்தையும் வாங்கி வையுங்கள். தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு வந்தால் அதுவே உங்களுக்குச் சாட்சி. முறைப்பாடு வராமல் இருப்பதற்கும் அதுவே வழி.