லென்ஸ் போட்ட கண் சிவந்தால் மருந்துக் கடைக்குப் போகாதீர்கள்

அரியலூர் மாவட்டத்து விக்கிரமங்கலம் மாதிரி ஊர்களிலும் காண்டாக்ட் லென்ஸ் பழகிவிட்டது. கல்லூரிப் பிள்ளைகள் கண்ணாடிக்குப் பதிலாகப் போடுகிறார்கள். கல்யாணப் பெண்ணுக்கு பார்லரில் கலர் லென்ஸ் மாட்டிவிடுகிறார்கள். கண் சிவந்தால் "சூடு", "மெட்ராஸ் ஐ" என்று மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கி விடுகிறார்கள். கருவிழியில் வெள்ளைப் புள்ளி விழுந்த பிறகுதான் டாக்டர் ஞாபகம் வருகிறது.

லென்ஸோடு தூங்கினால் கருவிழிக்கு ஆக்சிஜன் குறையும். அங்கே கிருமி தொற்றினால் புண் வரும். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா ஓரிரு நாளிலேயே பார்வையைக் கெடுத்துவிடும். குழாய்த் தண்ணீரிலும் போர் தண்ணீரிலும் அகந்தமீபா என்ற நுண்ணுயிர் இருக்கலாம். அதனால் லென்ஸைத் தண்ணீரில் கழுவக் கூடாது. எச்சில் தொட்டுப் போடவே கூடாது.

கண் சிவந்தால் முதலில் லென்ஸைக் கழற்றுங்கள். இரண்டு கண்ணிலும் கழற்றுங்கள். தூக்கி எறியாதீர்கள்; லென்ஸ், டப்பா, திரவ பாட்டில் மூன்றையும் டாக்டரிடம் கொண்டுபோங்கள். எந்தக் கிருமி என்று பரிசோதிக்க அவை உதவும். கண்ணைக் கட்டிப்போட வேண்டாம். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் விட வேண்டாம்.

வலி, வெளிச்சம் பார்த்தால் கூசுவது, பார்வை மங்கல், வெள்ளைப் புள்ளி, இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே கண் டாக்டரைப் பார்க்க வேண்டும். வலியில்லாத சிவப்பும் லென்ஸைக் கழற்றி ஒரு நாளாகியும் குறையவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் ஓ.பி. சீட்டு போடும்போதே "நான் லென்ஸ் போடுகிறவன்" என்று சொல்லுங்கள். டாக்டரிடமும் மறுபடி சொல்லுங்கள். புண் என்றால் சுரண்டி எடுத்துக் கிருமிப் பரிசோதனை செய்ய முடியுமா என்று கேளுங்கள். அங்கே முடியாவிட்டால் எங்கே போக வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மருந்துக் கடைக்காரர் தரும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து சிவப்பை மறைத்துவிடும். உள்ளே புண் வளரும். பூஞ்சைத் தொற்றாக இருந்தால் இன்னும் மோசம். டாக்டர் சீட்டில்லாமல் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை விற்கக் கூடாது என்பது சட்டம். விற்கிறார்கள், கேட்பாரில்லை. ஒருவர் போட்ட கலர் லென்ஸை அடுத்தவருக்கு மாட்டும் பார்லர்களையும் கேட்பாரில்லை.

பில் வாங்காமல் லென்ஸ் வாங்காதீர்கள். தொகுப்பு எண்ணும் காலாவதித் தேதியும் உள்ள அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். தரக்குறைவான பொருளால் பாதிப்பு வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். வாங்கிய விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. பில்லும் மருத்துவச் சீட்டும் இல்லாமல் போனால் வழக்கு நிற்பது கஷ்டம்.

இழப்பீடு கிடைத்தாலும் போன பார்வை திரும்பாது. மறுபடியும் சொல்கிறேன்: கண் சிவந்தால் லென்ஸைக் கழற்றுங்கள், டாக்டர் பார்க்காமல் சொட்டு மருந்து விடாதீர்கள்.