சம்பளம் தானமன்று

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம்மவர் வாழ்க்கையில் ஊறிப்போன முதுமொழி. நன்றி மறவாமை நற்குணம் என்பதில் ஐயமில்லை. ஆனால், மாதம் முழுவதும் உழைத்துப் பெறும் சம்பளத்தையும் முதலாளி இட்ட உப்பாகவே கருதிக் கைகட்டி நிற்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் ஒழிந்தபாடில்லை. மேலதிக நேர வேலைக்குக் கூலி கேட்பதும், சேமலாப நிதிக் கணக்கைக் காட்டும்படி கேட்பதும் நன்றிகெட்ட செயல்கள் என எண்ணுவோர் பலர். உழைப்பைக் கொடுத்தோம், அதன் விலையைப் பெற்றோம். இதிலே தானம் கொடுத்தவர் யார்? தானம் பெற்றவர் யார்?

இவ்வுண்மையைத் தொழிலாளருக்கு எடுத்துரைக்க முயன்ற முன்னோடிகளுள் கோ. நடேசையர் ஒருவர். 1931ஆம் ஆண்டிலே மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளருக்கெனச் சம்மேளனம் அமைத்த அவர், எழுத்தாலும் பேச்சாலும் அவர்களை விழிப்படையச் செய்தார். அவருடைய மனைவியார் மீனாட்சியம்மையோ தொழிலாளர் நிலையைப் பாட்டாகவே பாடினார். சட்டம் இயற்றப்பட்டால் மட்டும் போதாது; அதற்கு உரியவன் காதில் அது விழவும் வேண்டும் என்பதை அவ்விருவரும் உணர்ந்திருந்தனர். அன்றைக்கு இருந்ததைவிட இன்று சட்டங்கள் பல. அவற்றை அறிந்தவர்களே சிலர்.

சட்டம் தருவன

கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலைசெய்வோருக்கென 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் உண்டு. சாப்பாட்டு நேரம் நீங்கலாக நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்பது அது விதித்த எல்லை. அதற்குமேல் வேலைசெய்தால் ஒன்றரை மடங்கு கூலி. வாரத்தில் ஒன்றரை நாள் ஓய்வு. ஓராண்டு சேவை முடித்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள் விடுமுறையும், சொந்த அலுவல், சுகவீனம் என்பவற்றுக்காக 7 நாளும் சம்பளத்துடன் கிடைக்கவேண்டும். தாய்மாருக்கு மகப்பேற்று விடுமுறை 84 நாள்.

1958ஆம் ஆண்டில் வந்தது ஊழியர் சேமலாப நிதிச் சட்டம். ஊழியர் பங்கு நூற்றுக்கு 8. முதலாளி பங்கு குறைந்தது 12. இதற்குமேல், 1980ஆம் ஆண்டில் ஏற்பட்ட ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி நூற்றுக்கு 3 செலுத்தவேண்டும். முதலாளியின் பங்கை ஊழியரின் சம்பளத்திலே கழித்துக்கொள்வது சட்டவிரோதம். தற்காலிக ஊழியர் என்ற பெயரைச் சூட்டி இந்நிதியைத் தவிர்க்கவும் முடியாது.

ஐந்தாண்டு சேவை முடித்தவருக்குப் பணிக்கொடை உண்டு. 15 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலைசெய்யும் இடமாயின், 1983ஆம் ஆண்டின் சட்டப்படி, மாதச் சம்பளக்காரருக்கு ஆண்டொன்றுக்கு அரைமாதச் சம்பளம் என்ற கணக்கில், வேலையினின்றும் நீங்கிய 30 நாளுக்குள் அது கொடுபடவேண்டும். ஊழியர் தாமாக விலகினாலும் இவ்வுரிமை போய்விடாது.

வாய்ச்சொல்லால் வரும் கேடு

இவையெல்லாம் ஏட்டில் உள்ளன. வீட்டுக்கு வந்து சேராமைக்குக் காரணம் யாது? நம்மவர் அலுவல்கள் பெரும்பாலும் வாய்ச்சொல்லிலேயே நடைபெறுகின்றன. உறவினர் ஒருவர் சொல்ல, முதலாளி தலையசைக்க, பையன் கடையிற் சேர்ந்துவிடுகிறான். நியமனக் கடிதம் இல்லை. சம்பளச் சீட்டும் இல்லை. பத்தாண்டு கழித்து ஒருநாள், "நாளையிலிருந்து வரவேண்டாம்" என்ற சொல்லும் வாயாலேயே வருகின்றது.

அந்த ஒரு சொல்லில் அடங்கியுள்ள ஆபத்தைக் கவனியுங்கள். வழக்கு வரும்போது, "நான் அவனை விலக்கவில்லை, அவன் தானாகவே வேலைக்கு வராமல் நின்றுவிட்டான்" என முதலாளி கூறலாம். விலக்கியதை முதலாளி ஒப்புக்கொண்டால், அதற்குத் தகுந்த காரணத்தைக் காட்டும் பாரம் அவர்மீது விழும். மறுத்தாலோ, தான் விலக்கப்பட்டதை நிரூபிக்கும் பாரம் ஊழியன் தலையிலே விழும். யாருமில்லாத வேளையில் சொல்லப்பட்ட வார்த்தையை எதைக்கொண்டு நிரூபிப்பது?

ஆகவே, வாயால் விலக்கப்பட்டவர் மனமொடிந்து வீட்டிலே இருந்துவிடலாகாது. மறுநாளும் வேலைக்குச் செல்லவேண்டும். உள்ளே விடாவிடின், நடந்ததைத் திகதியுடன் எழுதி, தாம் வேலைசெய்ய ஆயத்தமாயிருப்பதையும் குறிப்பிட்டு, பதிவுத் தபாலில் முதலாளிக்கு அனுப்பவேண்டும். பிரதியும் தபாற் பற்றுச்சீட்டும் தம்மிடம் இருக்கட்டும். வெற்றுத்தாளிலோ, விலகற் கடிதத்திலோ, வாசித்து விளங்காத எந்தப் பத்திரத்திலோ ஒருபோதும் ஒப்பமிடலாகாது. "சம்பளப் பாக்கி வேண்டுமானால் இதிலே கையெழுத்து வை" என்று நீட்டப்படும் தாளே பின்னர் நமக்கு எதிர்ச்சாட்சியாக நிற்கும்.

எந்த வாயிலை நாடுவது?

சம்பளப் பாக்கி, சேமலாப நிதி, பணிக்கொடை என்பன குறித்து முதலில் அணுகவேண்டியது அவ்வப்பகுதித் தொழில் அலுவலகம். அங்கே முறையிடுதற்குச் சட்டத்தரணி தேவையில்லை. ஒழுக்கக் குற்றம் எதுவுமின்றி, வியாபாரம் குறைந்தது போன்ற காரணங்களைக் கூறி ஆட்குறைப்புச் செய்வதானால், 15 பேருக்குக் குறையாத நிறுவனங்களில் ஊழியரின் எழுத்து மூலமான சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ வேண்டும் என்கிறது 1971ஆம் ஆண்டின் சட்டம்.

நியாயமற்ற விலக்கலுக்குப் பரிகாரம் தேடும் இடம் தொழில் நியாயசபை. கைத்தொழிற் பிணக்குச் சட்டத்துக்கு 1957ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட திருத்தத்தால் இச்சபைகள் தோன்றின. நீதியும் ஒப்புரவுமான கட்டளை வழங்குவதே இவற்றின் கடமை. மீண்டும் வேலை கொடுக்கும்படியோ நட்டஈடு வழங்கும்படியோ கட்டளையிடலாம். ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது அதற்குத் தடையாகாது. 15 பேருக்குக் குறைவான சிறு கடைகளின் ஊழியரும் பணிக்கொடை கேட்டு இச்சபைக்குச் செல்லலாம்.

ஆனால், விலக்கலுக்கு எதிரான மனுவை விலக்கப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். இவ்விடத்திலேதான் நம்மவர் பலர் தவறவிடுகின்றனர். முதலாளி மனமிரங்குவார் என ஒரு மாதம். ஊர்ப் பெரியவர் பேசிப் பார்ப்பார் என இரண்டு மாதம். கோயில் திருவிழா முடியட்டும் என இன்னுமொரு மாதம். சமாதானப் பேச்சு நடக்கட்டும்; அதனோடு கூடவே மனுவும் ஆயத்தமாகட்டும். தொழில் அலுவலகத்திலே முறைப்பாடு கொடுத்தாயிற்று என்ற நம்பிக்கையிலும் நாளைக் கடத்திவிடலாகாது.

சட்டத்தரணியைத் தேர்தல்

தொழில் நியாயசபைக்கு ஊழியர் தாமாகவும் போகலாம், தாம் அங்கம் வகிக்கும் தொழிற்சங்கத்தின் மூலமும் போகலாம், சட்டத்தரணியையும் அமர்த்தலாம். சங்கம் அமைப்பதற்கு ஏழு பேரே போதும் என்பது 1935ஆம் ஆண்டு தொட்டுள்ள சட்டம்.

அப்புக்காத்து என்றும் பிறக்கிராசி என்றும் முன்னர் இருந்த பேதம் இப்போது இல்லை, எல்லோரும் சட்டத்தரணிகளே. எனினும், காணி உறுதி எழுதுவதில் வல்லவர் தொழில் வழக்கிலும் வல்லவராயிருப்பார் என எண்ணலாகாது. தொழில் நியாயசபையில் வழக்கமாகத் தோன்றுபவர் யார் என்பதைத் தொழிற்சங்கத்தாரிடமும், முன்பு வழக்காடியவரிடமும் விசாரித்தறிக. முதற் சந்திப்பிலேயே மூன்று கேள்விகளைத் தயங்காமற் கேட்கலாம். இவ்வகை வழக்குகளை முன்பு நடத்தியதுண்டா? கட்டணம் மொத்தமாகவா, தவணைக்கு இவ்வளவு என்றா? தவணை நாளிலே தோன்றுபவர் தாமா, வேறொருவரா? கொடுத்த பணத்துக்குப் பற்றுச்சீட்டுப் பெறுக. மூலப் பத்திரங்களை வீட்டிலே வைத்துப் பிரதிகளைக் கொடுக்க. வெற்றி நிச்சயம் என முதல் நாளிலேயே உறுதி கூறுபவரைவிட, வழக்கின் பலவீனத்தையும் எடுத்துக்காட்டுபவரே நம்பத்தக்கவர்.

பணமில்லாதோருக்கு 1978ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு உண்டு. வருமானத்தைக் கருத்திற்கொண்டு இலவச உதவி வழங்குகிறது. மொழியைப் பற்றிய அச்சமும் வேண்டியதில்லை. விசாரணை நடக்கும் மொழி தெரியாதவருக்குத் தமிழிலே மொழிபெயர்ப்பு வசதியை அரசே அளிக்கவேண்டும் என அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை கூறுகின்றது. அவ்வுரிமை தொழில் நியாயசபைக்கும் பொருந்தும்.

கற்றவர் கடமை

இதனை வாசிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். உங்கள் வீட்டில் உழைப்பவர் தந்தையோ, தாயோ, தமக்கையோ, எவராயினும் சரி, அவருடைய பத்திரங்களை ஒரு கோப்பிலே சேர்த்துவையுங்கள். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுக்கள், சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம், விடுமுறைக் கடிதங்களின் பிரதிகள் ஆகியன அதிலே இருக்கட்டும். நியமனக் கடிதம் இல்லையாயின், வேலைக்குச் சேர்ந்த நாளையும், மாதந்தோறும் கைக்கு வந்த தொகையையும், உடன் வேலைசெய்வோர் பெயரையும் ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். சேமலாப நிதிக் கணக்கில் ஒழுங்காகப் பணம் சேர்கின்றதா என்பதை ஆண்டுக்கொருமுறையேனும் விசாரித்தறியுங்கள். வேலை போனபின் தேடும் பத்திரம் அரிதிலே கிடைக்கும். வேலையிலிருக்கும்போது சேர்க்கும் பத்திரத்துக்குச் செலவு எதுவுமில்லை.

நல்ல முதலாளிமாரும் நம்மிடையே உளர். கணக்கு ஒழுங்காயிருப்பதை அவர்கள் வெறுப்பதில்லை. நன்றி நெஞ்சிலே இருக்கட்டும். கணக்கு தாளிலே இருக்கட்டும். ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிடவேண்டியதில்லை.