தாகத்துக்கு முன்பே ஒரு சொம்பு

2023 டிசம்பர் 18 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பெய்த மழை 95 சென்டிமீட்டர். தூத்துக்குடி மாவட்டம் ஓர் ஆண்டு முழுக்கக் காணும் சராசரி மழையைவிட இது அதிகம். தாமிரபரணி கரைபுரண்டது, குளங்கள் உடைந்தன, சாலைகள் அறுந்தன. தீயணைப்பு மற்றும் மீட்புப் பணித் துறையினர், பேரிடர் மீட்புப் படையினர், ராணுவத்தினர், கடற்கரை ஊர்களின் மீனவர்கள் எனப் படகோடு இறங்கியவர்கள் பலர். ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸோடு சிக்கிக்கொண்ட சுமார் 800 பயணிகளுக்கு, பக்கத்துப் புதுக்குடிக்காரர்கள் தங்கள் வீட்டில் இருந்ததைக் கொண்டுவந்து சமைத்துப் போட்டார்கள்.

சிக்கியவர்களின் பசியைப் பற்றி நாடே பேசியது. மீட்கப் போனவர்களின் பசியும் தாகமும் அவ்வளவாகப் பேச்சில் வரவில்லை. இடுப்பளவு வெள்ளத்தில் கயிற்றைப் பிடித்து நிற்பவரைச் சுற்றிலும் தண்ணீர்தான். ஆனால் அதில் ஒரு மடக்குகூடக் குடிக்க முடியாது. சாக்கடையும் எலிக்காய்ச்சல் கிருமியும் கலந்த நீர் அது. மழையில் நனைந்துகொண்டே இருப்பதால் வியர்ப்பதும் தெரியாது, தாகமும் தெரியாது. மணிக்கணக்கில் படகு தள்ளிய பிறகு தலை சுற்றும்போதுதான் உடம்பு கணக்குக் கேட்கும்.

தீயில் இந்தக் கணக்கு இன்னும் கடுமை. முழுக் கவச உடை, தலைக்கவசம், முதுகில் காற்று உருளை எல்லாம் சேர்ந்தால் 20 கிலோவைத் தாண்டும். வெப்பத்தை உள்ளே விடாத அந்த உடை, உடம்பின் வெப்பத்தை வெளியேயும் விடாது. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். கவசத்துக்குள் அது ஆவியாக வழியில்லாமல் வழிந்து ஓடுகிறது. கடற்கரைக் காற்றின் ஈரப்பதமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் வியர்வை போவது இந்த வேலையில் சாதாரணம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் 1.4 லிட்டர் நீரை, அதாவது உடல் எடையில் 2 சதவீதத்தை, இழந்தாலே கைவேகம் குறைகிறது, யோசனையும் மந்தமாகிறது. எரியும் கூரையின் கீழே எந்தப் பக்கம் நகர்வது என்று நொடியில் முடிவெடுக்க வேண்டியவருக்கு அந்த மந்தம் உயிர்ப்பிரச்சினை.

ஆகவே தாகம் எடுக்கட்டும், பிறகு குடிக்கலாம் என்பது இவர்களுக்குப் பொருந்தாது. பணிக்கு வரும்போதே உடம்பில் நீர் நிறைந்திருக்க வேண்டும். காலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருப்பதுதான் வழி. மணி அடித்த பிறகு வண்டியில் ஏறியபடி ஒரு பாட்டிலைக் கவிழ்த்தால் வயிறு கனக்குமே தவிர, இழப்பு ஈடாகாது. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான நீர் இருக்கிறது. அடர் மஞ்சளுக்குப் போனாலே எச்சரிக்கை.

நீர் மட்டும் போதுமா? இதற்குக் காயல்பட்டினத்தைச் சுற்றியிருக்கும் உப்பளங்களே பாடம். ஆறுமுகநேரி வழியாகப் போகிறவர்கள் வெள்ளை வெளேரென்று குவித்த உப்பைப் பார்த்திருப்பார்கள். உப்பள வெயிலில் வேலை பார்க்கிறவர் சட்டையில் மாலையில் வெள்ளைக் கோடு படியும். தீயணைப்பாளரின் பனியனிலும் அதே கோடுதான். ஒரு லிட்டர் வியர்வையோடு ஏறத்தாழ அரைத் தேக்கரண்டி உப்பு வெளியேறுகிறது. இழந்த உப்பை ஈடுசெய்யாமல் வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய், தலைவலி, குமட்டல், குழப்பம் என்று வேறு ஆபத்து தொடங்கும்.

உப்பும் சர்க்கரையும் சேர்ந்தால் குடல் நீரை விரைவாக உறிஞ்சும் என்பதை உலகுக்குக் களத்தில் காட்டியவர் இந்திய மருத்துவர் திலீப் மகலனாபிஸ். 1971 வங்கதேசப் போரின்போது, பன்காவ் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோனது. அவர் உப்பு, சர்க்கரைக் கரைசலை வாய்வழியாகக் கொடுக்க ஏற்பாடு செய்தார். 30 சதவீதத்தை ஒட்டியிருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இன்று மருந்துக்கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் பின்னால் அந்தக் கதை இருக்கிறது. தீயணைப்பு வண்டியில் குழாய், ஏணி, கோடரியோடு இந்தப் பொட்டலங்களும் நல்ல குடிநீர் கேனும் கட்டாயம் ஏற வேண்டிய கருவிகள்.

பொட்டலம் இல்லாத இடத்தில் நம் ஊர்ச் சமையலறை இருக்கிறது. உப்பும் சின்ன வெங்காயமும் போட்ட நீராகாரம், உப்புப் போட்ட மோர், எலுமிச்சைச் சாறு எல்லாம் உதவும். பதநீர் அருமையானதுதான். ஆனால் அதில் சர்க்கரை அதிகம், உப்புக் குறைவு. களைப்புத் தீர ஒரு குவளை குடிக்கலாம், மோருக்குப் பதிலாகக் கொள்ள முடியாது. கலர் சோடாவும் அப்படியே.

காயல்பட்டினத்துக்கு இந்த விஷயத்தில் யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ரமலான் நோன்பு திறக்கும் நேரத்தில் இந்த ஊர் செய்வதைக் கவனித்தால் போதும். முதலில் பேரீச்சம்பழம், சில மடக்குத் தண்ணீர். பிறகு நோன்புக் கஞ்சி: அரிசி, பருப்பு, வெந்தயம், உப்பு, தாராளமான நீர். பகல் முழுக்கக் காய்ந்த உடம்பை அவசரப்படாமல் நிரப்பும் முறை இது. நீரும் உப்பும் மாவுச்சத்தும் கொஞ்சம் புரதமும் ஒரே கிண்ணத்தில் சேர்கின்றன. இரவு முழுக்கத் தீயோடு போராடித் திரும்புகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான முதல் உணவு கிடைப்பது அரிது.

அன்றாட உணவின் கதை வேறு. அங்கே ஆபத்து இதயத்தில் இருக்கிறது. 1994 முதல் 2004 வரை பணியில் இறந்த அமெரிக்கத் தீயணைப்பாளர்களை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஸ்டெஃபானோஸ் கேல்ஸ் குழு ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டது. 449 பேர் இதயத் தமனி நோயால் இறந்திருந்தார்கள். அவர்களில் 32 சதவீதம் பேருக்கு மரணம் தீயை அணைக்கும் வேலையோடு சேர்ந்து வந்தது. ஆனால் அந்த வேலை அவர்களின் பணி நேரத்தில் 1 முதல் 5 சதவீதம்தான். நிலையத்தில் உட்கார்ந்திருந்த உடம்பு, மணியடித்ததும் ஒரேயடியாக உச்சத்துக்குத் தாவுகிறது. தமனியில் ஏற்கெனவே கொழுப்பு படிந்திருந்தால் அந்தத் தாவலை இதயம் தாங்காது. தெற்காசியர்களுக்கு இதய நோய் இளம் வயதிலேயே வருகிறது என்பதால் நமக்கு இது இரட்டைக் கவலை.

இதே கேல்ஸ் பின்னர் இண்டியானாபொலிஸ் தீயணைப்பு நிலையங்களின் சமையலறைக்குள்ளேயே போனார். காய்கறி, பயறு, மீன், பருப்புக்கொட்டைகள், ஆலிவ் எண்ணெய் என்ற மத்தியதரைக் கடல் உணவு முறைக்கு வீரர்களைப் பழக்கும் ஆய்வு அது. ஒரே நிலையத்தில் சேர்ந்து சமைத்து, சேர்ந்து சாப்பிடுகிறவர்களுக்குத் தனித்தனியாக அறிவுரை சொல்வதைவிட அடுப்பையே மாற்றுவது எளிது என்ற யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. நம் பக்கத்தில் ஆலிவ் வேண்டாம். தட்டில் சோற்று மேட்டைப் பாதியாக்கி, மீதி இடத்தில் கீரையும் பயறும் மீன் குழம்பும் வந்தால் போதும். தூத்துக்குடிக் கடற்கரையில் மீனுக்குப் பஞ்சமில்லை. குழம்பு மீனாக இருக்கட்டும், பொரித்தது எப்போதாவது.

இரவுப் பணியில் பரோட்டாவும் சால்னாவும் இழுக்கும். ஆனால் வயிறு முட்டச் சாப்பிட்ட அரை மணி நேரத்தில் அழைப்பு வந்தால் அந்தக் கனத்தோடுதான் ஏணியில் ஏற வேண்டும். சிறிது சிறிதாக, பல முறை சாப்பிடுவதே இந்த வேலைக்கு ஏற்றது. ஆத்தூர், ஏரல் பக்கத்து வாழைப்பழம் ஒரு சீப்பு நிலையத்தில் தொங்கலாம். அவித்த சுண்டல் இருக்கலாம். வண்டியில் வைக்க, கோவில்பட்டிக் கடலைமிட்டாயைவிடச் சிறந்த பண்டம் எனக்குத் தெரியவில்லை. கெடாது, உருகி வழியாது, நின்றபடியே மென்று கொள்ளலாம். ஊறுகாய், அப்பளம், கருவாடு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. கூடுதல் உப்பு வியர்த்துக் கொட்டிய மணிகளுக்கு உரியது. சும்மா இருக்கும் நாளில் அது ரத்த அழுத்தத்தைத்தான் கூட்டும்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, தீயணைப்புப் பணியைப் புற்றுநோய் உண்டாக்கும் தொழில்களின் முதல் பிரிவில் 2022-இல் சேர்த்தது. புகைக்கரியில் இருக்கும் நச்சு, கையிலிருந்து வடைக்கும் வடையிலிருந்து வயிற்றுக்கும் போகக் கூடாது. கவச உடையைக் கழற்றி, கை, முகம், கழுத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே தேநீர்க் கிளாஸைத் தொட வேண்டும். தண்ணீர் பாட்டிலும் உணவும் புகை அண்டாத இடத்தில் மூடியிருக்க வேண்டும்.

குடிக்கவும் கழுவவும் மட்டுமல்ல, உடம்பைக் குளிர்விக்கவும் நீர் உதவும். கனடாவில் டொராண்டோ தீயணைப்பாளர்களோடு செய்த சோதனைகளில், ஓய்வு நேரத்தில் முழங்கை வரை கைகளை நீரில் அமிழ்த்தி வைப்பது உடல் வெப்பத்தை நன்றாக இறக்கியது. அதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. காயல்பட்டினத்தின் ஏதாவது ஒரு தெருவில் தீப்பிடித்து, திருச்செந்தூரிலிருந்து சிவப்பு வண்டி வந்து நிற்கும்போது, வேடிக்கை பார்க்கும் கூட்டத்திலிருந்து நாலு பேர் விலகி வந்தால் போதும். காற்று வரும் பக்கமாகப் பார்த்து நிழலில் ஒரு பெஞ்சு, கை அமிழ்த்த இரண்டு வாளித் தண்ணீர், பக்கத்தில் சோப்பு, ஒரு பானை நல்ல தண்ணீர், ஒரு பாத்திரத்தில் உப்புப் போட்ட மோர்.