லொறியில் ஏறாத சரக்கு

கொலன்னாவையில் அரிசி மலிவென்றால் லொறியில் ஏற்றிப் புறக்கோட்டையில் விற்கலாம், விலை சமப்பட்டுவிடும். முடிவெட்டை அப்படி ஏற்ற முடியாது. ஆகவே கொள்ளுப்பிட்டிச் சலூனின் கட்டணம் பெரும்பாலும் கூடுதலாகவே நிற்கிறது.

கடை வாடகைதான் காரணம் என்பார்கள். 1817இல் பொருளியலாளர் டேவிட் ரிக்கார்டோ மறுதலையாகச் சொன்னார்: தானியம் விலையேறியதால்தான் நில வாடகை ஏறியது. சலூனும் அப்படித்தான். காரியாலயத்திலிருந்து அவசரமாக வருபவர் கூடுதலாகத் தரத் தயார். அதைக் கண்டே கட்டிடக்காரர் வாடகையை உயர்த்துகிறார்.

ஊர்ச் சலூனை மூடிவிட்டு நகருக்கு வர நினைப்பவர் முற்பணம் கட்டுமுன் கணக்குப் பார்க்கட்டும். தலைக்கு அரை மணித்தியாலமென்றால் பத்து மணித்தியாலத்தில் கதிரையொன்றுக்கு இருபது தலைதான், அதுவும் கதிரை காலியாகாவிட்டால். கூடுதல் கட்டணம் வாடகையோடு போனால், பழைய வாடிக்கையாளரை இழந்ததுதான் மிச்சம்.